வடசென்னையில் வாடகைக்கு விட ஒரு சொத்து: முதல்முறை வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவன் நான். 2012இல் மீஞ்சூரைத் தாண்டி ஒரு மனை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு தண்டையார்பேட்டையில் மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கினேன், அது காப்பாற்றியது. அன்று முதல் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கருத்து எழுதித் தர ஒரு வக்கீல் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அவரும் விற்பவரோ புரோக்கரோ கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது.

கையில் அஞ்சு லட்சம் இருக்கு. மீதிக்கு லோன் போட்டு 45 லட்சத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிடலாமா?

முடியாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். 45 லட்சத்துக்கு அது 36 லட்சம். மீதி 9 லட்சம் உங்கள் பணம்.

அதோடு முடியவில்லை. ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் வீட்டை வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்துக்கு 4,05,000 ரூபாய். இந்தச் செலவைச் சொத்து மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது. வக்கீல், வங்கிக் கட்டணம், புரோக்கர் கமிஷன், பெயின்ட், மோட்டார் எல்லாம் சேர்த்தால் 14 லட்சத்துக்குக் குறையாமல் கையில் வேண்டும். போதாததற்கு, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து கட்டடம் பழசு என்று 38 லட்சம் எழுதினால் 80 சதவீதம் அந்த 38க்குத்தான்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப நகையை வைப்பவர்கள் உண்டு, பத்து வட்டிக்கு வாங்குபவர்களும் உண்டு. நகையாவது பரவாயில்லை. பத்து வட்டி என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து. எந்த வாடகையும் அதைத் துரத்திப் பிடிக்காது. இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்துவிட்டு வாருங்கள். அதுவும் பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்களே?

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். 36 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 31,200 ரூபாய்க்குச் சற்று மேலே. அந்த ஃபிளாட்டுக்கு 14,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் 17,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வருட வாடகை 1,68,000. போட்ட 45 லட்சத்தில் அது 3.7 சதவீதம். வீட்டு வரி, அசோசியேஷன் பணம், ஆள் மாறும்போது காலியாக நிற்கும் ஒரு மாதம் இவற்றைக் கழித்தால் 3 சதவீதம் தேறினாலே பெரிது. ஃபிக்ஸட் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும்.

அப்படியென்றால் ஏன் வாங்குகிறார்கள்? இடத்தின் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கையில். அது ஏறலாம், பத்து வருடம் அப்படியே கிடக்கவும் செய்யலாம். அதனால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: விலை ஏறாவிட்டாலும் இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு உங்களால் மூச்சுவிட முடியுமா?

ஃபிளாட் வேண்டாம், போர்ஷன் வீடு வாங்கலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, சில இடங்களில் அதற்கும் கம்மி. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரு ஹால், ஒரு கிச்சன் என்று நான்கு குடித்தனம், மாடியில் இன்னும் இரண்டு. கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படி ஏராளம். துறைமுகம், காசிமேடு, எம்.சி. ரோடு துணிக்கடைகள், மணலி கம்பெனிகள் என்று வேலை பக்கத்திலேயே இருப்பதால், ஐயாயிரம் ஏழாயிரத்தில் வீடு தேடுபவர்கள் இங்கே குறைவதே இல்லை. ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். மண்ணும் முழுக்க உங்களுடையது. ஃபிளாட்டில் கிடைப்பது மொத்த மனையில் ஒரு பிரிக்கப்படாத பங்கு மட்டும்தான்.

தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே கழிவுநீர் இணைப்பு. அடைத்துக்கொண்டால் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும். கரண்ட் மீட்டர் தனித்தனியா என்று வாங்கும் முன் எண்ணுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் நாலு குடும்பம் ஓடினால் அந்த நூறு யார் கணக்கில் என்று சண்டை வரும், அதைத் தீர்ப்பதும் நீங்கள்தான். நான் வாங்கிய முதல் வருடம் செலவு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது: மொட்டைமாடி ஒழுகல், இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்த சன்ஷேடு, புது மோட்டார். கடல் பக்கம் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய வீடு பார்க்கப் போனால் தரையைப் பார்க்காதீர்கள், மேலே சீலிங்கைப் பாருங்கள்.

எந்த ஏரியா நல்லது?

எல்லாரும் மெட்ரோவைக் காட்டுவார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் இரண்டு வழித்தடங்கள் கிளம்புகின்றன. மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் வழியாகப் போவது சிப்காட் தடம். நல்லதுதான். ஆனால் மெட்ரோ வரும் செய்தி உங்களுக்குத் தெரிந்த அன்றைக்கு விற்பவருக்கும் தெரிந்திருக்கும். விலையில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள். விளம்பரத்தில் ஐந்து நிமிடம் என்பது வெயிலில் இருபது நிமிடமாக இருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். எங்கே தேங்கும், எங்கே கிடைக்காது, எங்கே உப்பு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார். கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. மிக்ஜாமின்போது எண்ணூர் கழிமுகப் பக்கத்து வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்து, போர் போட்டால் உவர்ப்பு.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் போனால் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை போங்கள், காற்று திரும்பும். மணலி, எண்ணூர் வட்டாரத்தில் சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அந்தச் சர்வே எண் குடியிருப்பா, தொழிற்சாலையா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், கடலோர ஒழுங்குமுறைக்குள் வரும் இடங்களிலும் கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்கள் அழகுக்குப் போட்டவை அல்ல. துறைமுகம் கட்டியதிலிருந்து அதன் வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் மீஞ்சூர் பக்கம் ஏமாந்தது எப்படி?

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்றார்கள். தலைவர் கையெழுத்து, பச்சை முத்திரை, வண்ண லேஅவுட் நகல் எல்லாம் இருந்தது. லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்று அப்போது எனக்குத் தெரியாது. சிஎம்டிஏவோ நகர் ஊரமைப்புத் துறையாகிய டிடிசிபியோ தர வேண்டும். பதிவு நடந்தது, பத்திரம் கையில் வந்தது, அதனால் எல்லாம் சரி என்று நம்பினேன். சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை. உங்கள் உரிமைக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. வாங்கவும் ஆள் இல்லை, விற்கவும் வழியில்லை. மறு வருடம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது; 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தும். கட்டணம் கட்டி வரன்முறை செய்தேன். வாங்கிய விலை, வரன்முறைக் கட்டணம், நடந்த நடை எல்லாம் சேர்த்தால் அந்த மனையில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை.

ஈசி போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் எதுவும் இல்லை. போதுமா?

போதாது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஈசி என்ற வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். ஆனால் அது காட்டாதவைதான் நம்மைக் கவிழ்ப்பவை.

பத்திரத்தைச் சேட்டுக் கடையில் வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் ஈசியில் வராது. அதனால் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். “லாக்கரில் இருக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு எடுத்துட்டு வரேன்” என்றால், அன்றைக்கே அட்வான்ஸும் தருகிறேன் என்று சொல்லுங்கள். பதியாத உயில் வராது. நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. வீட்டில் லீஸுக்கு இருப்பவர் வரமாட்டார். அவர் கதை கீழே.

பிறகு வாரிசுகள். வடசென்னையில் பாதி வீடுகள் தாத்தா பெயரிலேயே நிற்கின்றன. தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு பேர் காலமாகி அவர்களுக்கு வாரிசுகள். விற்க வருவது மூத்த மகன் மட்டும். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு. “தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே சீர் செஞ்சாச்சு” என்பது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. எல்லா வாரிசும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

பட்டாவைப் பொறுத்தவரை, நகருக்குள் நில அளவைப் பதிவேட்டு நகலையும் எடுத்து, பத்திரத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பதிவேட்டில் 1,060 என்று வருவது சகஜம். விலை 1,060க்குத்தான். டேப் வைத்து நீங்களே ஒருமுறை அளந்துவிடுவதும் நல்லது.

பவர் வைத்திருப்பவரிடம் வாங்கலாமா?

பவர் என்றால் தன் சார்பில் விற்க உரிமையாளர் இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு அண்மையில் வாங்கிய உயிர்ச்சான்று வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடமே பொதுப் பவர் செத்துவிடும். பவர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு அதையே கிரயம் என்று நினைப்பது இன்னும் மோசம். அப்படிச் சொத்து கைமாறாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்தால் உரிமையாளரையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

ஹவுசிங் போர்டு, குடிசை மாற்று வாரிய வீடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே? கோயில் மனையில் வீடு?

பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் மீதிப் பாதி உரிமை அங்கே இல்லை என்று அர்த்தம். வாரிய ஒதுக்கீடு பெற்றவர் முழுப் பணமும் கட்டி, வாரியம் அவர் பெயரில் கிரயப் பத்திரம் எழுதித் தந்திருந்தால் பேசலாம். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஐம்பது ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதித் தந்தால் நீங்கள் வாங்கியது வீடு அல்ல, வேறொருவர் வீட்டில் குடியிருக்கும் வாய்ப்பு. அதையும் வாரியம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

கோயில் அடிமனை வேறு கதை. மண் சாமியுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் விற்பவருடையது. கோயிலுக்கு மாத வாடகை கட்ட வேண்டும். பெயர் மாற்ற அறநிலையத்துறை வழியாகப் போக வேண்டும். குடியிருக்க வாங்குபவருக்கே இது கஷ்டம். முதல் முதலீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

புது ப்ராஜெக்ட், பூஜை போடும் முன்னாலேயே புக் பண்ணினால் விலை குறைவு என்கிறார்கள்?

500 சதுர மீட்டருக்கு மேலான இடம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்வதோ பணம் வாங்குவதோ சட்டவிரோதம். “ப்ரீ லாஞ்ச்” என்பதற்குப் பெரும்பாலும் பதிவு இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டுப் பாருங்கள். முடியும் தேதி, அனுமதி வரைபடம் எல்லாம் இருக்கும். ஒப்பந்தம் பதியும் முன் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் இலவசமாகச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பு.

வடசென்னையில் எட்டு வீட்டுக்குள் முடியும் சின்னக் கட்டடங்கள் அதிகம். இடமும் சிறிதாக இருந்தால் அவை ரெராவுக்குள் வராது. இங்கே பிரிக்கப்படாத பங்கைக் கவனியுங்கள்: எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவு வர வேண்டும். கூடுதலாக வந்தால் இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள். குறைவாக வந்தால் மொட்டைமாடியில் இன்னொரு வீடு முளைக்கப்போகிறது.

செலவுக் கணக்கில் ஒரு வித்தியாசம்: புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், கூடவே பதிவுக்கு 2. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், உள் அளவு 60 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை.

கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு என்று கேட்கிறார்கள். எல்லாரும் செய்வதுதானே?

எல்லாரும் செய்வதுதான், மாட்டுபவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு: பத்திரத்தில் 30 லட்சம் காட்டி வாங்கினால், நாளைக்கு 60க்கு விற்கும்போது லாபம் 30 என்றே வரித்துறை கணக்கிடும். நீங்கள் கொடுத்த கறுப்பு காற்றில் போய்விடும். வங்கிக் கடனும் பத்திர விலையைப் பார்த்துத்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை நீங்களே பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியேறியவர் என்றால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு, ஆடிட்டரைப் பாருங்கள்.

மனைவி பெயரில் வாங்கினால் சலுகையாமே?

2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான். நகருக்குள் அந்த விலையில் என்ன கிடைக்கும்?

லீஸுக்கு ஆள் இருக்கும் வீட்டை வாங்கலாமா? நானே லீஸுக்கு விடலாமா?

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே லீஸ் என்றால் போக்கியம். குடிவருபவர் நாலு லட்சம் ஐந்து லட்சம் மொத்தமாகத் தருவார், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மூன்று போர்ஷனிலும் லீஸ் ஆள் இருக்கும் வீட்டை வாங்கினால் 15 லட்சம் கடனையும் சேர்த்து வாங்குகிறீர்கள், பெரும்பாலும் ஈசியில் ஒரு வரிகூட இல்லாமல். விற்பவர் “நான் பாத்துக்கறேன்” என்பார். பதிவு முடிந்த மறுநாள் அவர்கள் உங்கள் வாசலில்தான் நிற்பார்கள். ஒவ்வொரு குடித்தனக்காரரையும் தனியாகப் பார்த்து, எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று கேட்டு, விலையில் கழித்துக்கொண்டு, அவரிடம் எழுதியும் வாங்குங்கள். என் வீட்டில் ஒரு போர்ஷனுக்கு மூன்று லட்சம் என்று விற்பவர் சொன்னார். குடியிருந்த அக்காவிடம் கேட்டால் மூன்றரை, ரசீதும் வைத்திருந்தார்.

நீங்கள் விடும்போது வாடகைக்கே விடுங்கள். லீஸ் பணம் வாங்கியவுடன் செலவாகிவிடும், திருப்பித் தரும் நாளில் அடுத்த ஆளைத் தேடி ஓட வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய ஊர்; ஆனாலும் கம்மியாகக் கேட்டால் ஆள் சீக்கிரம் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் இருபதாயிரம்தான் இருக்கிறது. ரியல் எஸ்டேட்டே எனக்கு இல்லையா?

ரெய்ட் (REIT) என்று ஒன்று உண்டு. அலுவலகக் கட்டடம், மால் இவற்றை வைத்திருக்கும் அறக்கட்டளை. அதன் யூனிட்டைப் பங்கு மாதிரி டிமேட் கணக்கில் வாங்கலாம். 2021 முதல் ஒரே ஒரு யூனிட்கூட வாங்க முடிகிறது. பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை அவர்கள் பிரித்துத் தந்தாக வேண்டும். எம்பசி, மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் என்று பட்டியலானவை உண்டு. வடபழனியில் உள்ள பெரிய மால் நெக்சஸுடையது. விலை ஏறும் இறங்கும், ஆனால் ராத்திரி மோட்டார் ஓடவில்லை என்று போன் வராது.

வரி எப்படி?

வாடகையில் வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு என்று ரசீது இல்லாமலே கழிக்கலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். புதிய வரிமுறையில் இருந்தால், வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியிருந்தால், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்தி, மீதி லாபத்தில் 20 சதவீதம் கட்டும் வழியும் இருக்கிறது. எது குறைவோ அது.

அந்த மீஞ்சூர் மனை இப்போது என்ன ஆயிற்று?

அங்கேதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போய்க் கல்லை எண்ணிவிட்டு, முள்ளை வெட்டிவிட்டு வருகிறேன். போன தடவை போர் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் எண்பதடியில் வந்தது. வாயில் வைத்துப் பார்த்த மேஸ்திரி துப்பிவிட்டு, “சார், இதுல சிமென்ட்கூடக் குழைக்க முடியாது” என்றார்.